வரிசையில் வைத்துக் கேட்ட கேள்வி

லுசுங்கு கும்வெண்டாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்து ஓரத்தில், அது எங்கிருந்து வந்தது என்று குறித்துவைப்பாள். எந்த அட்டவணை, எந்த ஆய்வு, யார் சொன்னது என்று. ஆதாரம் இல்லாத வாக்கியத்தின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த வாக்கியம் எத்தனை அழகாக இருந்தாலும் அவள் வீட்டு வாசலைத் தாண்டாது. முசுசு நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே மருத்துவக் கட்டுரைகள் எழுதிக்கொடுக்கும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதில் அவள் தவறியதில்லை.

டாக்டர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். எழுத நேரம் இருக்காது. சிலருக்கு எழுதவே வராது. எண்களை மூட்டையாகக் கொண்டுவந்து இவளிடம் கொட்டுவார்கள். பத்திரிகைக்காரர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும்படி அதைக் கட்டுரையாக்கித் தருவது இவள் வேலை. கட்டுரையின் தலையில் அவர்கள் பெயர் இருக்கும். இவள் பெயர் கடைசியில், நன்றி சொல்கிற பத்தியில், பொடி எழுத்தில் கிடந்தால் உண்டு. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

இந்த முறை வந்திருந்தது சிபோண்டே. வேர்க்கடலையை அரைத்த விழுதுக்குத்தான் அந்தப் பெயர். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போன குழந்தைகளுக்குக் கிளினிக்கில் பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுக்கிற மருந்து உணவையும் அம்மாமார் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். பழைய சிபோண்டேயில் பால்மாவு இருக்கும். பால்மாவு கடல் தாண்டி வரவேண்டும். அதற்குப் பதிலாகச் சோயாவும் மக்காச்சோளமும் போட்டு, மலிவாக, உள்நாட்டிலேயே செய்த புதுச் சிபோண்டேயை ஒரு நிறுவனம் கொண்டுவந்திருந்தது. சில ஊர்களுக்குப் பழையது, சில ஊர்களுக்குப் புதியது என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். புதியதைத் தின்ற குழந்தைகளில் தேறியவர்கள் குறைவு. போய்ச்சேர்ந்தவர்கள் கூடுதல்.

மழை இரண்டு நாளாக விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்குத் தலைவரான டாக்டர் ஹராவா போனில் வந்தார். சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டே பேசுவது அவர் பழக்கம்.

"என்ன நியாகும்வெண்டா, எதுல நிக்குது?"

அந்தப் பக்கத்தில் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தகப்பன் குலத்தின் பெயருக்கு முன்னால் ஒரு 'நியா' போட்டுவிட்டால் மரியாதை ஆயிற்று.

"புதுசு ஏன் தோத்துச்சுங்கற இடத்துல, டாக்டர்."

"தோத்துச்சுன்னு எழுதாதம்மா. எதிர்பார்த்த அளவுக்கு வரலைன்னு எழுது. காரணம்தான் கையிலயே இருக்கே. பாக்கெட்ட நாம ஒரு பிள்ளைக்குக் குடுக்குறோம், அங்க ஊரே நக்குது. நோய்ப்பிள்ளை வாய்க்கு என்ன மிஞ்சும்?"

"அந்தக் கேள்விய புது சிபோண்டே குடுத்த ஊர்ல மட்டுந்தான் கேட்டிருக்கோம்."

"அதையும் ஒரு வரி எழுதிடு. யாரு வேண்டாம்னா? உன்ன மாதிரி நேர்மையா எழுதறவ கிடைக்க மாட்டா. அதான் உன்கிட்ட வர்றேன்."

ஹராவா கெட்டவர் அல்ல. பால்மாவுக்குப் போகிற பணம் மிஞ்சினால் இன்னும் எத்தனையோ குழந்தைகளுக்கு உணவு போகும் என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையில் அவருக்குத் தலைமுடி பாதி நரைத்திருந்தது.

லுசுங்கு அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். 'கொடுத்த சிபோண்டேயை வீட்டில் மற்றவர்களோடும் பகிர்ந்துகொண்டீர்களா?' கேள்வி அவள் எழுதியதுதான். எண்கள் சரியத் தொடங்கிய சமயத்தில் ஹராவா அவசரப்படுத்த, இதே மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாள். ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் ஆமாம் என்று சொல்லியிருந்தார்கள். 'உணவைக் குடும்பத்தினருடன் பகிர்ந்துகொண்டதே பலன் குறைந்ததற்கு முதன்மைக் காரணமாகத் தெரிகிறது' என்று எழுதி, ஓரத்தில் அட்டவணையின் எண்ணைக் குறித்தாள். ஆதாரம் இருந்தது. சிவப்புப் புள்ளிக்கு வேலை இல்லை.

கட்டுரையோடு இன்னொரு வேலையும் ஒப்பந்தத்தில் இருந்தது. பங்கு போடாதீர்கள் என்று தாய்மாருக்குச் சொல்லும் ஒற்றைத் தாள் துண்டறிக்கை. துண்டறிக்கை எழுதினால் அதை நாலு தாய்மாரிடம் படித்துக் காட்டி, முகத்தைப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பமாட்டாள் லுசுங்கு. அதற்காகத்தான் வியாழக்கிழமை ஒரு பிக்கப் வண்டியின் பின்னால், சோளமூட்டைகளுக்கு நடுவே குந்திக்கொண்டு, கசிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனாள். கடைசித் தூரத்துக்குச் சைக்கிள் டாக்சி. சேற்றில் பாதி நேரம் சைக்கிளை இவள்தான் தள்ளினாள்.

கிளினிக் முற்றத்து மசுக்கு மரத்தடியில் தாய்மார் குழந்தைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுகாதார உதவியாளர் லேவி ஒவ்வொரு குழந்தையின் புஜத்திலும் நிறநாடாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடா சிவப்பில் நின்றால் சிபோண்டே. லுசுங்கு தாளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"இது உங்கள் நோயாளிக் குழந்தையின் மருந்து. அந்தக் குழந்தைக்கு மட்டும் கொடுங்கள். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்."

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது.

"கேட்டீங்களாடி? இனிமே கதவச் சாத்திக்கிட்டுத் திங்கணுமாம்."

"கழுதைப்புலி மாதிரி, ஒரு மூலையில குந்திக்கிட்டா?"

"டவுன்ல அப்படித்தான் போல. பக்கத்து வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையான்னுகூடப் பாக்க மாட்டாங்களாம்."

"அப்ப நீங்க எல்லாரும் பங்கு வைக்கிறீங்களா?" என்று கேட்டாள் லுசுங்கு.

"பின்ன? பிள்ளைங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கும். ஒரு வாய் வைக்காம இருக்க நாங்க என்ன கல்லா?" என்றாள் முன்னால் இருந்தவள். பின்னால் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

லுசுங்கு குறித்துக்கொண்டாள். கட்டுரையில் எழுதிய வாக்கியம் இன்னும் கொஞ்சம் கெட்டியானது போல இருந்தது.

வரிசையில் சேராமல், கிளினிக் சுவரோரம் ஒருத்தி நின்றிருந்தாள். தலையில் கறுப்புத் துணி. இடுப்பில் குழந்தை இல்லை. ஐந்தாறு வயதுப் பெண் ஒன்று அவள் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்து, லுசுங்குவைக் கிணற்றுப் பம்புக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"நான் நியாசோகோ. முசுசுல இருந்து எழுதறவங்க வர்றாங்கன்னு லேவி அண்ணன் சொன்னாரு. சிபோண்டேயப் பத்தி எழுதறது நீங்கதானாக்கா?"

"ஆமா."

"என் பையன் தவோங்கா போயிட்டான். புது சிபோண்டே தின்னுட்டு இருந்தவன்." அழாமல் சொன்னாள். அழுது முடித்தவளின் குரல். "நான் பங்கு போட்டுட்டேன், என் தங்கச்சி பிள்ளைங்களுக்கு அள்ளிக் குடுத்துட்டேன், அதனாலதான் போச்சுங்கறாங்க மாமியா. ஞாயித்துக்கிழம குடும்பத்து ஆளுங்க கூடறாங்க. என்னை எங்க அப்பா வீட்டுக்கு அனுப்பறதுன்னு பேச்சு. எம் புருஷன் ஜோபர்க்ல வேலையில இருக்காரு. போன்ல சரின்னுட்டாராம். மாடு குடுத்து என்னக் கட்டுன குடும்பம்க்கா, பிள்ளைங்க அவங்களுக்குத்தான் சொந்தம். போனா நான் மட்டுந்தான் போகணும். இவள விடமாட்டாங்க." பெண்ணின் தலைமேல் கையை வைத்தாள். "இவ பேரு டெம்வா."

"நீ பங்கு போட்டியா?"

நியாசோகோ சுற்றும்முற்றும் பார்த்தாள். பம்படியில் யாரும் இல்லை.

"ஒரு நக்கு யாருக்கும் குடுக்கல. பாக்கெட்ட மாவுப்பானைக்குள்ள போட்டு வச்சிருந்தேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்திருச்சு, கதவச் சாத்திக்கிட்டு, இருட்டுல ஊட்டுவேன். சாயங்காலம் இவளத் தண்ணிக்கு அனுப்பிட்டு ஊட்டுவேன். என் ஓரகத்தி நியாஜெரே பிள்ளை வாசல்ல வந்து நின்னு கதவச் சுரண்டும். 'பெரியம்மா, என்ன வாசம்'னு கேக்கும். வாயத் திறக்கமாட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அது நிக்கும், இந்தப் பக்கம் நான் மூச்சு விடாம உக்காந்திருப்பேன். அப்படித் தின்னவன்தான் போனான்."

"கேட்டப்ப மட்டும் ஆமான்னு சொன்னே?"

"எங்க வச்சுக் கேட்டாங்க? இதே வரிசையில. எனக்குப் பின்னால நியாஜெரே நிக்கறா, அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு. 'பகிர்ந்துக்கிட்டீங்களா'ன்னு கணக்கெடுக்க வந்தவரு சத்தமாக் கேக்கறாரு. நீங்களா இருந்தா என்னக்கா சொல்லியிருப்பீங்க?"

பக்கத்து வீட்டுக்காரி தாண்டிப் போனால், சட்டியில் ஒரு ஆளுக்குத்தான் சிமா என்கிற சோளக்களி இருக்கிறது என்று தெரிந்தாலும் 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான் லுசுங்குவும். போனவாரம்கூடக் கூப்பிட்டாள். வந்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளக் கூப்பிட்டாள். இந்த மண்ணில் எவளாவது நாலு பேருக்கு முன்னால் 'நான் யாருக்கும் கொடுக்கவில்லை' என்பாளா? கேள்வியைத் தாளில் எழுதியபோது அது எங்கே நின்று கேட்கப்படும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளிநாட்டுக்காரன் எழுதியிருந்தால் தெரியாமல் செய்தான் எனலாம்.

"மாமியாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா," என்றாள் நியாசோகோ. "படிச்சவங்க சொன்னாக் கேப்பாங்க. ஆனா தனியாச் சொல்லணும். உள்ள கூட்டிட்டுப் போயி, அவங்க காதுல மட்டும்."

"சரி. உள்ள வச்சுச் சொல்றேன்."

வீட்டு முற்றத்தில் மாமியார் நியாகோமா முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நியாஜெரே, மடியில் அந்தப் பிள்ளையோடு. வந்தவளுக்குப் பாய் விரித்தார்கள். சிமாவும் பூசணி இலைக் கறியும் வந்தன. டவுனிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்ற சேதி வேலி தாண்டிப் போய், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து குந்தினார்கள்.

லுசுங்கு மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "அம்மா, உங்ககிட்ட உள்ள வச்சு ஒரு பேச்சு."

"உள்ள என்ன இருக்கு? புகையும் எலியும். இங்கயே சொல்லும்மா. இவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

சாப்பிட்டு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ரோட்டில் கடைசி வண்டி வந்துவிடும் என்று லேவி இரண்டு தடவை வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நியாசோகோ அடுப்படி நிழலில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்ந்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

நியாகோமாவே ஆரம்பித்தாள். "சிபோண்டே எழுதறவளாமே நீ. எழுதிக்கோ. எங்க வீட்டுக்கு ஒருத்தி வந்தா. பெத்த பிள்ளையோட மருந்த ஊருக்கு வாரிக் குடுத்துப் பேரு வாங்குனா. அவ தங்கச்சி பிள்ளைங்க கன்னத்தப் போய்ப் பாரு, பன் மாதிரி இருக்கு. என் பேரன் குழிக்குள்ள இருக்கான்."

"அம்மா, அப்படிச் சொல்லாதீங்க."

"நான் என்ன சொன்னேன்? அவளே வரிசையில நின்னு சொன்னா. ஊரே கேட்டுச்சு. உன் தாள்லயும் இருக்கும், பாரு. உங்க மாதிரி படிச்சவங்க எழுதுனது பொய்யா?"

தாளில் இருந்தது. ஓரத்தில் அட்டவணையின் எண்ணோடு இருந்தது. அதற்குமேல் லுசுங்குவால் அடக்க முடியவில்லை.

"அவ யாருக்கும் குடுக்கலம்மா. ஒரு நக்குகூடக் குடுக்கல. கதவச் சாத்திக்கிட்டு அவனுக்கு மட்டுந்தான் ஊட்டியிருக்கா. முழுசும் தவோங்காதான் தின்னான்."

சொல்லி முடித்த பிறகுதான், உள்ளே வைத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்தது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது.

முதலில் பேசியது நியாஜெரே. மடியில் இருந்த பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினாள். "அப்ப உள்ளதான் இருந்திருக்கா. இவன் வந்து கதவத் தட்டுறப்ப எல்லாம் உள்ளதான் இருந்திருக்கா. பெரியம்மா வீட்டுல இல்லடா, வாடான்னு நான் தூக்கிட்டு வருவேன். எங்க அடுப்புல என்ன வெந்தாலும் மொதல் கரண்டி இவ பிள்ளைங்களுக்குத்தான் போச்சு."

"மருந்து அது, நியாஜெரே," என்றாள் லுசுங்கு. "குடுக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொன்னோம்."

"குடுக்கலைன்னா குடுக்கலைன்னு சொல்லியிருக்கலாமே. ஆமா, எல்லாருக்கும் குடுத்தேன்னு எனக்கு முன்னால நின்னு சொன்னா. எம்பிள்ளைக்குக் குடுத்ததாச் சொல்லிப் பேரு எடுத்துக்கிட்டா."

கூட்டத்தில் ஒருத்தி அதிர்ச்சியில் கையைத் தட்டி, வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, போய்வருகிறேன்கூடச் சொல்லாமல் வெளியே போனாள். இருட்டுகிற நேரத்துக்குள் கிணற்றடி வரைக்கும் இது போய்விடும் என்று லுசுங்குவுக்குத் தெரிந்தது.

நியாகோமா மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு லுசுங்குவையே பார்த்தாள். அவள் கண்ணில் முதல்தடவையாகக் கோபம் இல்லை.

"எல்லாத்தையும் அவனே தின்னான்ங்கற."

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் செத்தான்? நீ படிச்சவ. சொல்லு. அந்தத் தீனிதான் என் பேரனக் கொன்னுச்சா?"

லுசுங்கு வாயைத் திறந்தாள். "அம்மா, பழைய சிபோண்டேயவிட இதுல தேறுன பிள்ளைங்க கம்மி. மொத்தமாப் பாத்தா..."

"மொத்தம் எனக்கு எதுக்கு? இதே தீனியத் தின்னு அந்தா அங்க நிக்கற பொண்ணோட பிள்ளை தேறிருச்சு. நான் என் பேரனக் கேக்கறேன். தீனியா, இல்லையா?"

நியாசோகோ எழுந்து நின்றிருந்தாள். கையில் பிடித்திருந்த சட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு 'ஆமாம்' போதும். அந்த முற்றத்தில் இனி அவளைக் காப்பாற்றக்கூடியது அந்த ஒன்றுதான். லுசுங்குவுக்கும் அது தெரிந்தது. ஆனால் ஒரு குழந்தையைப் பற்றி அவளிடம் என்ன இருந்தது? காய்ச்சல் இருந்திருக்கலாம். நெஞ்சுச் சளி இருந்திருக்கலாம். பால்மாவு போட்டதைத் தின்றிருந்தாலும் போயிருக்கலாம். எண்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசும்; தவோங்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. ஆதாரம் இல்லாத வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இத்தனை வருடப் பழக்கம் அதைத் தாண்ட விடவில்லை.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா," என்றாள்.

நியாகோமா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தீனியுமில்ல. அப்ப கதவச் சாத்திக்கிட்டு ஊட்டுன இவதான்," என்றாள்.

வண்டியின் ஹாரன் கேட்டது. நியாசோகோ வழியனுப்ப வேலிவரைகூட வரவில்லை.

முசுசுவுக்குத் திரும்பியதும் லுசுங்கு முதலில் அந்த வாக்கியத்தின் தலையில் சிவப்புப் புள்ளி வைத்தாள். பிறகு அதை அடித்துவிட்டு ஒரு பத்தி எழுதினாள். கேள்வி பலர் கேட்கும்படி கேட்கப்பட்டது என்றும், கொடுக்கவில்லை என்று சொல்வது இங்கே இழிவு என்றும், ஆகவே அந்தப் பதில்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றும். துண்டறிக்கையை எழுத முடியாது என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினாள்.

ஹராவா மறுநாளே கூப்பிட்டார். சோளம் கடிக்கிற சத்தம் இல்லை.

"இந்தப் பத்திக்கு யாரு ஆதாரம்?"

"ஒரு தாய்."

"ஒரு தாயா? நியாகும்வெண்டா, இதையே நான் எழுதி உன்கிட்டக் குடுத்தா நீ என்ன செய்வே? சிவப்புப் புள்ளி வச்சுத் திருப்பி அனுப்புவே."

"அனுப்புவேன். அதனாலதான் கேக்கறேன், இன்னொரு தடவை கேட்டுப் பாப்போம். ஒவ்வொருத்தரா, அவங்கவங்க வீட்டுக்குள்ள வச்சு. பழைய சிபோண்டே ஊர்லயும் சேத்து."

"ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சும்மா. ஆளுங்க கலைஞ்சாச்சு. நிறுவனம் அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது." பெருமூச்சு விட்டார். "உனக்கு மனசு ஒப்பலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதே."

"என் பேர எடுத்துடுங்க டாக்டர். நன்றி சொல்ற இடத்துல இருந்து."

"அவ்வளவுதானே," என்றார் அவர். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

தலைநகர் லிலோங்வேயில் யாரோ ஒருவர் மீதி வேலையை முடித்தார். மழைக்காலம் ஓய்ந்து புகையிலை ஏலம் நடக்கிற மாதங்களில் கட்டுரை வெளிவந்தது. பகிர்ந்துகொண்டதே காரணம் என்று லுசுங்கு முதலில் எழுதிய வாக்கியம் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. நல்ல வாக்கியம்தான், யாருக்கும் திருத்தத் தோன்றியிருக்காது. துண்டறிக்கையும் வந்தது. முசுசுவில் ஒரு கிளினிக் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். படத்தில் ஒரு தாய் வெட்டவெளி முற்றத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு குழந்தைக்கு ஊட்டுகிறாள். சுற்றி நிற்கிற மற்றக் குழந்தைகள் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கின்றன.

நியாசோகோவைப் பற்றி லேவி முன்பே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெடுநேரம் நடக்கவில்லையாம். அவளுக்காகப் பேச ஒரு வாய் இல்லையாம். அவள் அப்பா வீட்டுக்குக் கிளம்பும்போது நியாஜெரே டெம்வாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டாளாம்.

ஒரு மாலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. யாரிடமோ இரவல் வாங்கின போன். பின்னால் கோழிகளும் ஒரு ரேடியோவும் கேட்டன.

"நியாசோகோ பேசறேன்க்கா."

லுசுங்கு எழுந்து நின்றுவிட்டாள். "எப்படி இருக்கே? டெம்வா..."

"அவ அங்கதான். போன்ல பேச விடமாட்டேங்கறாங்க." போன் கொடுத்தவரிடம் 'இதோ தர்றேன்' என்றாள். "கோவமா இருக்கேன்னு கூப்பிடலக்கா. ஒண்ணு கேக்கணும். நீங்க எழுதுன அந்தத் தாள் வந்துருச்சாமே. லேவி அண்ணன் சொன்னாரு."

"நான் எழுதல. வேற ஆளு முடிச்சாரு."

"அதுல நான் இருக்கேனா?"

"பேரு எதுவும் இருக்காதும்மா. யார் பேரும் போடமாட்டாங்க."

"பேரக் கேக்கல. பங்கு போட்டோம்னு இருக்கா? எல்லாருக்கும் குடுத்தோம்னு?"

லுசுங்குவுக்கு இதற்கு ஆதாரம் இருந்தது. பக்கமும் வரியும் தெரியும். "இருக்கு," என்றாள். "அது பொய்யின்னு நான் மறுபடியும் எழுதிப் போடப் பாக்கறேன். பத்திரிகைக்காரங்களுக்கே நேரா..."

"வேண்டாம்க்கா," என்றாள் நியாசோகோ. ரேடியோவில் பாட்டு மாறியது. "விடுங்க. அங்கயாவது நான் குடுத்தவளா இருந்துட்டுப் போறேன்."